வாசகர் கேள்வி–பதில்: நாட்டின் எடையும் நம் இடுப்பளவும்

உடற்பருமன் குறித்துக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் ஊர்ப்பெயர் மட்டுமே தரப்படுகிறது.

கேள்வி: தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் மிகை எடையுடன் இருப்பதாக நாளிதழில் படித்தேன். அதே நாளிதழ், பெண்களில் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இந்தக் கணக்கை எப்படித்தான் எடுக்கிறார்கள்?
— பள்ளி ஆசிரியை, தக்கலை

பதில்: இரண்டும் உண்மைதான், அம்மா. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. ஒரே உடம்பில் இருப்பதும் அபூர்வமல்ல. தாங்கள் படித்த எண், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் வந்தது. அந்த ஆய்வில் களப்பணியாளர்கள் வீடு தேடி வந்து, உயரத்தையும் எடையையும் கருவி வைத்து அளந்தே எழுதுகிறார்கள். வாயால் கேட்டு எழுதினால் உயரம் கொஞ்சம் கூடும், எடை கொஞ்சம் குறையும் என்பதை எல்லா நாட்டு ஆய்வாளர்களும் அறிவார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியெண். அது 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகை எடை என்றும், 30ஐத் தொட்டால் பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நாளிதழில் வந்த "பத்துக்கு நான்கு" என்பது 25க்கு மேற்பட்டோர் அனைவரையும் சேர்த்த கணக்கு.

2015–16இல் நடந்த நான்காவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் இந்த எல்லையைத் தாண்டியிருந்தார்கள்; ஐந்தாவது சுற்றில் அது 40.4 சதவீதம் ஆயிற்று. ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 சதவீதமாக உயர்ந்தது. இந்தியா முழுவதற்கும் பெண்களின் அளவு 20.6இலிருந்து 24 ஆகவும், ஆண்களின் அளவு 18.9இலிருந்து 22.9 ஆகவும் கூடியது. இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண்ணும் அதே ஆய்வில் உண்டு. எடை போதாத பெண்கள் நான்காவது சுற்றில் 22.9 சதவீதமாக இருந்து, ஐந்தாவது சுற்றில் 18.7 சதவீதமாகக் குறைந்தார்கள். அதாவது, நாட்டில் எடை குறைந்த பெண்களைவிட எடை மிகுந்த பெண்களின் எண்ணிக்கை கூடியது இந்த இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளில்தான். நூற்றாண்டுக் காலம் பசியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்ட ஒரு நாட்டில் இந்த மாற்றம் இத்தனை ஓசையின்றி நடந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இரத்தசோகையைப் பொறுத்தவரை, அதே ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களின் அளவு 53.4 சதவீதம். வயிறு நிறைவதும் சத்து நிறைவதும் வேறு வேறு என்பதால் இதில் முரண்பாடு இல்லை. சோறு, சர்க்கரை, எண்ணெய் ஆகிய மூன்றும் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கின்றன. கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல் போன்றவை வீட்டிலுள்ள எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சமிருந்தால் மட்டுமே அடுக்களையில் நிற்பவரின் தட்டுக்கு வருகின்றன. அப்படிப்பட்டவருக்கு எடை கூடும், இரத்தத்தில் இரும்புச்சத்து கூடாது.

கேள்வி: எனக்கு 46 வயது, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை வீட்டில் ஓயாத வேலை. வீட்டு வேலையும் உழைப்புதானே? "பார்ப்பதற்குக் குண்டாகத் தெரியவில்லை" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஊர் செவிலியர் மட்டும் வயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளந்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். போகத்தான் வேண்டுமா?
— இல்லத்தரசி, மார்த்தாண்டம்

பதில்: போக வேண்டும், சகோதரி, அந்தச் செவிலியர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். தாங்கள் தந்த அளவுகளின்படி குறியெண் 28.3 வருகிறது. உலக அளவுகோலில் இது மிகை எடை மட்டுமே. ஆனால் தெற்காசிய மக்களுக்கு அந்த அளவுகோல் தளர்வானது என்பதால், இந்திய மருத்துவர்கள் 2009இல் கூடி, 23இலிருந்தே மிகை எடை, 25இலிருந்தே பருமன் என்று எல்லையைத் தாழ்த்திக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் தாங்கள் பருமன் வரிசையில் வருகிறீர்கள்.

எல்லையைத் தாழ்த்தியதன் காரணத்தை விளக்க, 2004இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு படத்தை மருத்துவ ஆசிரியர்கள் இன்றும் காட்டுவார்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கும் படம் அது. இருவருக்கும் குறியெண் 22.3தான். ஆனால் பிரிட்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதமும், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதமும் இருந்தன. நம்மவர்களுக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கிறது. அந்தக் கொழுப்பும் கை கால்களில் பரவாமல் வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சூழ்ந்து தங்குகிறது. சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் கூட்டி வருவது பெரும்பாலும் இந்தக் கொழுப்புதான். அதனால்தான் "பார்ப்பதற்குக் குண்டாகத் தெரியவில்லை" என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

செவிலியர் அளந்த நாடாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 வயது கடந்தவர்களுக்குத் தொற்றா நோய் இருக்கிறதா என்று வீடுதோறும் பார்க்கும் தேசியத் திட்டத்தின் படிவத்தில் வயிற்றுச் சுற்றளவு ஒரு முக்கியமான வரி. பெண்களுக்கு 80 செ.மீ. வரை மதிப்பெண் கிடையாது. 81 முதல் 90 வரை ஒன்று. அதற்கு மேல் இரண்டு. ஆண்களுக்கு இந்த எல்லைகள் 90, 100 என்று அமைகின்றன. வயது, புகையிலை, மது, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய் ஆகியவற்றுக்கான மதிப்பெண்களையும் கூட்டி, மொத்தம் நான்கைத் தாண்டினால் பரிசோதனைக்கு முன்னுரிமை தருகிறார்கள். வீட்டிலேயே அளந்து பார்க்க விரும்புவோர் தையல்காரரின் நாடாவை வைத்து அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணியை விலக்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, நாடா தோலில் பதியாமல் தொட்டுக்கொண்டிருக்கும்படி அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஆலோசனை எதுவும் இல்லை.

வீட்டு வேலை உழைப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உழைப்புதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அம்மியும் உரலும் கிணற்றுக் கயிறும் போய், நின்ற இடத்தில் நின்று செய்யும் வேலையாக அது மாறிவிட்டது. களைப்பு குறையவில்லை; இதயத் துடிப்பு கூடும் நேரம்தான் குறைந்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி நடப்பது அந்தக் குறையை ஈடுசெய்யும். அதற்கான நேரத்தைத் தங்களுக்குத் தருவது வீட்டிலுள்ள மற்றவர்களின் பொறுப்பு என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: என் தாத்தா காலையில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் சாளை மீன் குழம்பும், மதியம் சம்பா அரிசிச் சோறும், எல்லாவற்றிலும் தேங்காயும் சாப்பிட்டவர், கடைசி வரை ஒட்டிய வயிறுதான். நான் அவரைவிடக் குறைவாகவே சாப்பிடுகிறேன். 34 வயதில் 92 கிலோ இருக்கிறேன். கிழங்கையும் தேங்காயையும் விட்டுவிடும்படி எல்லாரும் சொல்கிறார்கள். குற்றம் உண்மையில் எதன் மேல்?
— ரப்பர் தோட்ட உரிமையாளர், குலசேகரம்

பதில்: கிழங்கின் மேல் குற்றம் சுமத்துவது அநியாயம். திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கமளித்துப் பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது இந்தப் பகுதியின் ஏழைகளைக் காப்பாற்றியதும் அதுதான். அவித்த கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 150 கலோரி இருக்கும். அதையே சீவி எண்ணெயில் பொரித்துப் பொட்டலமாக்கினால் 500 கலோரியைத் தாண்டிவிடுகிறது; ஏத்தங்காய் சிப்ஸ் கதையும் இதேதான். மாலைத் தேநீரோடு பேச்சுவாக்கில் கொறித்த 100 கிராம் சிப்ஸைக் கரைக்க இரண்டு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்.

தங்கள் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஊரையும் காலத்தையும் பார்த்தால் ஊகிக்க முடிகிறது. விடிவதற்கு முன்பே விளக்கைக் கட்டிக்கொண்டு, ஏற்றமும் இறக்கமுமான சரிவில் நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களுக்குப் பால் வெட்டிவிட்டு, திரும்பவும் அதே வழியில் பால் சேகரித்து, ஷீட் அடித்து முடிக்கும்போது நண்பகல் ஆகிவிடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கமாயிருந்தால் வயலில் நின்றிருப்பார். மேற்கே பனையேறியாக இருந்தால் காலையும் மாலையும் அக்கானி (பதநீர்) இறக்கியிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு வட்டில் கிழங்கு மிகையே இல்லை. இன்று அதே தோட்டத்தை நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய் மேற்பார்க்கிறீர்கள்.

உழைப்பு குறைந்தது பாதிக் காரணம்தான். மறு பாதி கடைத்தெருவில் இருக்கிறது. தாத்தா காலத்தில் இனிப்பு என்றால் ஓணம், கிறிஸ்துமஸ், கோயில் கொடை, கல்யாணம் என்று நாள் வைத்து வந்தது. முந்திரிக்கொத்து சுடவும் அச்சு முறுக்கு சுடவும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பகலைச் செலவிட வேண்டியிருந்தது. செய்வதிலிருந்த அந்தச் சிரமமே வேலியாக இருந்தது. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெற்றிடமே கிடையாது. கருங்கலிலிருந்து மார்த்தாண்டம் வரை போகும் வழியில் பழம்பொரியும் பருப்பு வடையும் வைத்த கண்ணாடி அலமாரி இல்லாத ஒரு மைல் தூரத்தைக் காண்பது கடினம். கண்ணில் படுகிறது, கைக்கு எட்டுகிறது, விலையும் குறைவு. பரோட்டாவும் குளிர்பானமும் இரவு பதினொரு மணிக்குக் கிடைக்கின்றன. வளைகுடாப் பணம் வந்த வீடுகளில் வாங்கும் சக்தியும் சேர்ந்துகொண்டது. இத்தகைய சூழலில் மக்களில் பெரும்பகுதியினர் எடை கூடாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

"குறைவாகவே சாப்பிடுகிறேன்" என்று தாங்கள் எழுதியிருப்பதை நம்புகிறேன். ஆனால் அது சாப்பாட்டு இலையில் உள்ளதை மட்டும் எண்ணிய கணக்காக இருக்கலாம். ஒரு வாரத்துக்கு, வீட்டுக்கு வெளியே வாயில் போட்ட அனைத்தையும், தேநீரில் விழுந்த சர்க்கரையையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால் நான்கு தேநீரில் 40 கிராம் சர்க்கரை போகிறது. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது. மரச்சீனியை அவித்துச் சாளைக் கறியோடு சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். அன்று அதோடு சோறும் வேண்டாம்.

கேள்வி: நடைப்பயிற்சி நாள், விழிப்புணர்வுப் பேரணி, வானொலியில் எண்ணெயைக் குறைக்கும்படி பிரதமர் பேச்சு எனப் பல முயற்சிகள் நடக்கின்றன. இவற்றால் எந்த நாட்டிலாவது பருமன் குறைந்திருக்கிறதா? எது பயன் தந்தது, எது வீண் என்று தயவுதாட்சண்யமின்றி எழுத வேண்டுகிறேன்.
— ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், நாகர்கோவில்

பதில்: கேட்டபடியே எழுதுகிறேன், ஐயா. நாடு முழுவதும் பருமன் விகிதத்தை உயர்த்தியது எப்படி என்று கற்றுத்தர நிறைய நாடுகள் இருக்கின்றன. அதைக் கணிசமாகக் குறைத்துக் காட்டிய நாடு இன்றுவரை இல்லை. 2010இல் இருந்த அளவைத் தாண்டவிடாமல் 2025 வரை நிறுத்திவைப்பது என்று உலக நாடுகள் 2013இல் ஏற்றுக்கொண்ட இலக்கு உலக அளவில் எட்டப்படவில்லை. 2022 நிலவரப்படி உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பருமனுடன் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் வயது வந்தோரில் 13 சதவீதமாக இருந்தது, 1970களின் இறுதியிலும் 15 சதவீதத்தில்தான் நின்றது. 2000ஐ ஒட்டி 30 சதவீதத்தை எட்டி, இப்போது ஏறத்தாழ 40 சதவீதமாகிவிட்டது. இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மன உறுதி பாதியாகிவிட்டது என்று யாரும் வாதிட முடியாது. அந்த இருபது ஆண்டுகளில் மாறியவை உணவுத் தொழிலும், பரிமாறும் அளவும், விலையும், வாகனங்களும்தான்.

ஆகவே தனிமனிதரிடம் பேசும் முயற்சிகளைவிட, கடையிலும் விலையிலும் பொட்டலத்திலும் கைவைக்கும் முயற்சிகளுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதல் ஆண்டில் வாங்குவது 5.5 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் குறைந்தன. பருமன் குறைந்ததா என்றால், இல்லை. குடிப்பதில் ஒரு பகுதி குறைந்தது, உண்பதில் மற்றவை தொடர்ந்தன. பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரி இன்னும் நுட்பமானது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 கிராம் முதல் ஒரு விகிதம். 8 கிராம் முதல் அதற்கும் மேல். குடிப்பவர் விலையைப் பார்த்து ஒதுங்குவாரா என்று காத்திருக்காமல், தயாரிப்பவர் தாமாகவே சர்க்கரையைக் குறைக்கும்படி அந்த வரி அமைந்தது. நடைமுறைக்கு வருமுன்பே பல நிறுவனங்கள் குறைத்தும்விட்டன. 10, 11 வயதுச் சிறுமிகளிடையே பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைவாக இருந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

சிலி நாடு 2016 ஜூனில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரை விழுந்த பொருளில் கார்ட்டூன் படம் போடக் கூடாது, பள்ளியில் விற்கக் கூடாது. எழுத்தறியாத பாட்டியும் கறுப்பு முத்திரையை எண்ணத் தெரிந்தவர்; இதன் வலிமை அதுதான். முத்திரை விழுந்த பானங்களின் விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது. ஜப்பான் 2008இலிருந்து 40 முதல் 74 வயதுள்ளோரின் இடுப்பை ஆண்டுதோறும் அளந்து, எல்லையைத் தாண்டியவர்களுக்கு ஆலோசனை தருகிறது. ஆலோசனையால் மட்டும் குறைந்த எடை மிகச் சொற்பம் என்றே பின்னர் தெரியவந்தது. ஆனால் ஜப்பானில் பருமன் முதலிலிருந்தே மிகக் குறைவு. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உணவைச் சேர்ந்து உண்பதும், ரயில் நிலையத்துக்கு நடந்தே போவதும் அதில் பங்காற்றுகின்றன. டென்மார்க் 2011இல் கொழுப்பு வரி போட்டு, மக்கள் எல்லை தாண்டிப் போய் வெண்ணெய் வாங்கத் தொடங்கியதும் 2013 தொடக்கத்தில் கைவிட்டது.

எல்லை தாண்டுவது என்றதும் கேரள எல்லையிலுள்ள நம் களியக்காவிளையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேரள அரசு 2016 வரவுசெலவுத் திட்டத்தில், பெயர்பெற்ற நிறுவனங்களின் உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத "கொழுப்பு வரி" விதித்தது. இந்தியாவில் அப்படியொரு வரி அதுவே முதன்முறை. பாறசாலையில் பர்கர் தின்பவர் வரி கட்டினார். அடுத்த கடையில் பரோட்டாவை எண்ணெயில் முக்கித் தின்றவர் கட்டவில்லை. எத்தனை பேர் மலையாள நாட்டில் தினமும் பீட்சா சாப்பிட்டார்கள் என்று நானும் அப்போது யோசித்தேன். ஓராண்டுக்குள், 2017 ஜூலையில், சரக்கு மற்றும் சேவை வரி வந்து அந்த வரியை விழுங்கிவிட்டது. நோக்கம் நல்லது, குறி தவறியது.

நம் நாட்டின் இன்றைய வரியிலும் இதேபோல் ஒரு விசித்திரம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதவீத வரி. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றின் வரி 5 சதவீதமாக இறக்கப்பட்டது. ஒரு கை தடுக்கிறது, மறு கை அழைக்கிறது. குளிர்பானத்திலும் சர்க்கரை குறைந்தது, மிகுந்தது என்ற பாகுபாடு இல்லை. ஆகவே பிரிட்டன் நிறுவனங்களுக்கு இருந்த தூண்டுதல் நம் நிறுவனங்களுக்கு இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உருப்படியாகச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்குள் அடக்கியது. அது எடையைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும். யாரும் பேரணி போகாமலேயே நடந்த காரியம் அது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. வந்துவிட்ட நோயைக் கட்டுக்குள் வைப்பதில் அதன் பயன் பெரிது. வருமுன் காப்பது அதன் முதன்மை வேலை அல்ல. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் வகுத்த 8 கிலோமீட்டர் நடைபாதைகள் நல்ல முயற்சி; ஆயினும் அங்கே விடியற்காலையில் காண்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அண்ணா விளையாட்டரங்கத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தவர்களே. முந்திரி ஆலையில் பகல் முழுவதும் உட்கார்ந்து அண்டி உடைக்கும் பெண், வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வீடு செல்லும் சாலையில் நடைமேடை இருந்தால் நடப்பார். அவருக்குத் தனியாக ஒரு நடைப்பயிற்சி நாள் தேவைப்படாது.

கேள்வி: தேங்காய் எண்ணெயும் கருப்பட்டியும் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு கூடாது என்பது உண்மையா?
— வாசகர், திங்கள்நகர்

பதில்: இல்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மற்றவற்றைவிட மிகுதி என்பதால் அளவு இன்னும் முக்கியம். கருப்பட்டிக்கு மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. கலோரியில் அது சர்க்கரைக்கு இளைத்ததல்ல. சர்க்கரை நோயாளிகள் "கருப்பட்டிக் காப்பிதானே" என்று இரண்டு டம்ளர் குடிப்பதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கேள்வி: எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசி வந்திருக்கிறதாமே, போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடை குறைப்புக்கான செமாகுளுடைட் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. பசியைத் தணித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இவை. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது. குறியெண் 30ஐத் தாண்டியவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர்களுக்கும் மட்டுமே உரியவை. நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பி வரும். மருத்துவர் சீட்டின்றி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவில் போட்டுக்கொள்ளக் கூடாது. 2025இல் வந்தபோது மாதம் பல ஆயிரம் ரூபாய் செலவான இந்த மருந்துகள் தேசிய விகிதத்தை இப்போதைக்கு அசைக்கப் போவதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. வகுப்பில் எல்லாரும் "குண்டு" என்று கூப்பிடுவதால் பள்ளிக்குப் போக மறுக்கிறான். பட்டினி போட்டால் குறையுமா? பள்ளி வாசலிலேயே கடை இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்?
— தாய், குளச்சல்

பதில்: பட்டினி போடவே கூடாது, அம்மா. வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் குறியெண் எல்லை பொருந்தாது; வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் அதைப் பார்ப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியமே வராது. எடை அப்படியே நிற்க, உயரம் கூடினால் போதும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாட வேண்டும். கடற்கரை ஊரில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. டியூஷனைச் சற்றுக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். வீட்டில் அவனுக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள். எல்லாரும் ஒன்றையே சாப்பிட வேண்டும். மீனைப் பொரிப்பதற்குப் பதில் குழம்பில் போட்டால் அது அப்பாவுக்கும் நல்லதுதான். "குண்டு" என்ற பட்டப்பெயரை வீட்டிலும் யாரும் விளையாட்டாகக்கூடச் சொல்லக் கூடாது. வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள்.

கடையைப் பொறுத்தவரை சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வெளியிட்டிருக்கிறது. அதைத் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் எழுத்து மூலம் நினைவூட்டலாம். அந்தக் கடைக்காரரும் பிழைக்க வேண்டியவர்தான். சுண்டல், அவித்த கடலை, மட்டிப் பழம், நுங்கு விற்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு புகார் எழுதுவது முறையாக இருக்கும். தம்பி தங்கை தொடக்கப் பள்ளியில் படித்தால், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையிலிருந்து ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். உதவிபெறும் பள்ளிகள் மிகுந்த நம் மாவட்டத்துக்கு அது பெரிய மாற்றம். வெறும் வயிற்றோடு வந்து இடைவேளையில் பொட்டலத் தீனி வாங்கும் பிள்ளையைவிட, காலையில் கிச்சடியும் சாம்பாரும் சாப்பிட்ட பிள்ளைக்கு வாசல் கடை தேவைப்படுவது குறைவு.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் எடை குறைப்பு முகாம் நடத்தலாம் என்று இளைஞர் மன்றத்தில் தீர்மானித்திருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
— இளைஞர் மன்றச் செயலர், திருவட்டாறு ஒன்றியம்

பதில்: முகாமைத் தள்ளிவையுங்கள். ஒரு நாள் எடை பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் ஒன்று நவம்பர் 1, நம் மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் அதுவே. அன்றைய கூட்டத்தில் வைக்க மூன்று தீர்மானங்கள் போதும். முதலாவது, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரையும் ரேஷன் கடை வரையும் சாலையோரத்தில் நடக்க இடமும் விளக்கும். இரண்டாவது, பள்ளி மைதானத்தை மாலை ஆறு முதல் எட்டு மணி வரை ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிடுவது. ஆண்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. மூன்றாவது, ஊராட்சியில் 30 வயது கடந்தோரில் எத்தனை பேருக்கு வயிற்றுச் சுற்றளவும் இரத்த அழுத்தமும் அளக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைச் சுகாதார ஆய்வாளர் ஒவ்வொரு சபையிலும் வாசிக்க வேண்டும் என்பது. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். பக்கத்து ஊர் பேரூராட்சியாக இருந்தால் அங்கே கிராம சபை கிடையாது; வார்டுகளில் கூடும் பகுதி சபையில் இதே தீர்மானங்களை அவர்கள் வைக்கலாம். தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சபையில் முதல் கேள்வியை அதிலிருந்து தொடங்கலாம்.